பதினான்காம் அறையில் போன் இல்லை

செல்வகுமார் தம்பி, நீங்கள் எழுதியது பொய். பதினான்காம் அறைக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகவில்லை. முத்துலட்சுமி அன்று வேலைக்கே வரவில்லை. இந்த இரண்டும் உங்களுக்கு அன்று சாயங்காலமே தெரியும். தெரிந்த பிறகும் இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் கம்பெனியிலிருந்து இரண்டு பிள்ளைகள் ஓர் அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்தார்கள். நான் பார்த்த வேலையை இப்போது அவர்கள் இரண்டு பேர் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை விருதுநகரில் கூட்டம். தலைப்பு, 'இணையத்தில் பொறுப்போடு பேசுவது எப்படி'. பேசுகிறவர் பட்டாசுக் கம்பெனி இயக்குநர் செல்வகுமார்.

"பாய், நீங்களும் வந்து பழைய அனுபவம் ரெண்டு சொல்லணும். உங்க காலத்துல இந்தப் பிரச்சினை எல்லாம் கிடையாதுல்ல" என்றான் ஒருவன்.

கிடையாதாம். மேடையில் சொன்னால் மைக்கைப் பிடுங்குவார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் காஜா மைதீன். விருதுநகரில் எங்கள் குடும்பத்துக்கு மிளகாய் வத்தல் கமிஷன் கடை. எனக்கு அந்த நெடி ஒத்துக்கொள்ளவில்லை. பட்டாசுக் கம்பெனியில் தபால் கிளார்க்காகச் சேர்ந்தேன். வடநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம், பத்திரிகைக்கு விளம்பரம், சீசன் நேரத்தில் பள்ளிக்கூடங்களுக்குப் பாதுகாப்பு நோட்டீஸ். மக்கள் தொடர்பு அதிகாரி என்ற பெயர் பிற்பாடு வந்தது. வேலை அதேதான். அதையெல்லாம் இரண்டு மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டேன். கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது ஒன்றுதான். விபத்து நடந்தால் என்ன பேசுவது, எப்போது பேசுவது.

அதில் எனக்கு மேலதிகாரி ஃபேக்டரி மேனேஜர் தனுஷ்கோடி. மல்லாங்கிணறுக்காரர். சிடுமூஞ்சி. யாரையும் உட்காரச் சொல்ல மாட்டார். எதைச் சொன்னாலும் "நீ பாத்தியா, யாரும் சொன்னாகளா?" என்பார். பார்த்தேன் என்றால் "எங்கன நின்னு பாத்த?" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவனிடமும் இதே விசாரணைதான். அவரை யாருக்கும் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

ஆனால் விபத்து நடந்த நாளில் அவர் செய்கிற முறை ஒன்று உண்டு. காதில் செருகிய பென்சிலை எடுத்து, ஒரு நீள நோட்டில் அந்த அறைக்குரிய பெயர்களை எழுதுவார். அது முதல் கணக்கு, வருகைப் பதிவேட்டிலிருந்து. பிறகு அறைக்கு வெளியே கிடக்கும் செருப்புகளையும் மரத்தடியில் வரிசையாக இருக்கும் தூக்குச்சட்டிகளையும் பார்ப்பார். எங்கள் ஆட்கள் வெறுங்காலோடுதான் அறைக்குள் போவார்கள். சோற்றுச் சட்டியில் அவரவர் பெயரின் முதல் எழுத்தை ஆணியால் கீறி வைத்திருப்பார்கள். அது இரண்டாவது. மூன்றாவதாக ஆட்களை ஏற்றிவந்த வேன் டிரைவரைக் கூப்பிட்டு, யார் எங்கே ஏறினார்கள், எந்த சீட்டில் உட்கார்ந்தார்கள் என்று கேட்பார். மூன்றும் ஒத்துப்போய், வீட்டு ஆள் ஒருவர் வந்து பார்த்து ஆமாம் என்று சொன்ன பிறகுதான் பேனாவைத் திறப்பார். பேனாவில் எழுதின பெயரைத்தான் நான் வெளியே சொல்லலாம். பென்சில் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும்.

எதற்கு இவ்வளவு? பதிவேட்டில்தான் பெயர் இருக்கிறதே என்பீர்கள். பட்டாசு வேலையில் பதிவேட்டை நம்பினவன் கெட்டான். பெயருக்குரியவளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் வீட்டிலிருந்து இன்னொருத்தி வருவாள். தங்கச்சி, நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, யாராவது. அவளைப் பதில் ஆள் என்போம். இவள் அவள் பெயருக்கு ஆமாம் சொல்லிவிட்டு அவள் இடத்தில் உட்காருவாள். சட்டப்படி தப்பு. போர்மேனுக்குத் தெரியும், தனுஷ்கோடிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சீசனில் ஆர்டர் நெருக்கும்போது யாரும் கேட்டதில்லை. தப்புக்கு நாங்கள் எல்லோரும் உடந்தை. அந்தத் தப்பு இருக்கிறது என்று தெரிந்ததால்தான் தனுஷ்கோடி அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தார்.

ஒரு முறை நிருபர் ஒருவர் பெயர் கேட்டுப் போனில் நச்சரித்தார். நான் திணறுவதைப் பார்த்து தனுஷ்கோடி ரிசீவரை வாங்கினார்.

"எழுதிக்கிடுங்க. பேரு தெரியலை."

"தெரியலைன்னு எப்படிப் போட முடியும் சார்?"

"ஏன், தெரியலைங்கிறதுக்கு எழுத்து இல்லையா உங்க பிரஸ்ல?"

மறுநாள் அப்படித்தான் வந்தது. பெயர் விவரம் தெரியவில்லை. ஒருவருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை.

அப்புறம் செல்வகுமார் படிப்பு முடித்து வந்தார். முதலாளியின் மகன். ஆபீசுக்கு இணைய இணைப்பு வந்தது. ஊர்விட்டுப் போனவர்கள் சேர்ந்து நட்பு வலைத்தளம் ஒன்றில் நம் ஊர்ப் பெயரில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள். அதில் தம்பியும் சேர்ந்தார், சொந்தப் பெயரில், இயக்குநர் என்று போட்டுக்கொண்டு.

அந்தக் குழுவில் ஒருவர், உங்கள் பூச்சட்டிப் பட்டாசு வெடித்து என் அண்ணன் மகன் கை வெந்துபோனது என்று எழுதினார். பத்து நிமிஷத்தில் தம்பி பதில் போட்டுவிட்டார். அது எங்கள் சரக்கே அல்ல, நீ போட்டிக் கம்பெனியிடம் கூலி வாங்கி எழுதுகிறவன். எனக்கு இது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் பஸ் ஏறி அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். டப்பாவை எடுத்துக் காட்டினார்கள். எங்கள் லேபிள்தான், எங்கள் சரக்குதான். பையனின் கையைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டு, கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்த மனிதர் எழுதியதை அவரே எடுத்துவிட்டார்.

தம்பி என்னைக் கூப்பிட்டு, "பாத்தீங்களா பாய், நான் கொடுத்த கொடுப்புல அடங்கிட்டான்" என்றார்.

நான் விளக்கினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அன்றைக்கே நான் முதலாளியிடம் போய், இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை இவரிடமிருந்து வாங்குங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

விபத்து நடந்தது ஒரு திங்கட்கிழமை. எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த எங்கள் யூனிட்டில், காலை பத்தரை மணிக்குப் பதினான்காம் அறை வெடித்துப் போய்விட்டது. அதில் நான்கு பேர். நான் அன்று அங்கேதான் இருந்தேன். கேட் அறையில் தரைவழித் தொலைபேசி. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, தடுப்புத் தடுப்பாக. உள்ளே போகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டிரைவர்கள், போர்மேன்கள், வைத்திருந்த ஒன்றிரண்டு ஆட்கள் என்று எட்டு ஒன்பது போன்கள் அதில் இருந்தன. சத்தம் எட்டு மைலுக்குக் கேட்டிருக்கும். வீட்டுக்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். வாட்ச்மேன் தண்ணீர் தூக்க ஓடிவிட்டார். எடுக்க ஆளில்லாமல் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. சினிமாப் பாட்டு, சாமி பாட்டு, குருவிச் சத்தம். அந்தப் பெட்டியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நேரத்தில் தரைவழிப் போனில் தம்பி சிவகாசி ஆபீசிலிருந்து பேசினார்.

"பாய், அங்க என்ன, செல்போன் சத்தமா கேக்குது?"

"ஆளுகளோட போனு தம்பி. வீட்டுலருந்து அடிக்காக."

"வேலை செய்ற இடத்துலயா போன் வச்சிருக்காங்க?"

"தம்பி, இது கேட்டு. அங்கன ரூம்ல..."

"சரி, சரி. பதினாலாம் ரூம்ல யார் யாரு? பேர் சொல்லுங்க. வெளிநாட்டுலருந்து எல்லாரும் குரூப்ல கிழிக்கிறாங்க. உடனே ஏதாவது சொல்லியாகணும்."

நான் பதிவேட்டைப் பார்த்து நான்கு பெயரையும் வாசித்தேன். இதை மறைக்கப் போவதில்லை. வாசித்தது நான். "பென்சில் பேரு தம்பி, வெளிய விட்றாதீக" என்றும் சொன்னேன். பென்சில் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்று எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்குள் அவர் எழுதியது இது: 'தடையை மீறி முத்துலட்சுமி என்ற தொழிலாளி செல்போனை உள்ளே கொண்டுபோனதே விபத்துக்குக் காரணம். அவரும் பலியானார். நிர்வாகத்தின் மீது எந்தத் தவறும் இல்லை.'

நான்கு பெயரில் ஏன் முத்துலட்சுமி? பிற்பாடு கேட்டேன். பட்டியலில் முதல் பெயர், அவ்வளவுதான் பாய் என்றார்.

இதற்குள் தனுஷ்கோடி தன் வழியில் போய்க்கொண்டிருந்தார். நோட்டில் முத்துலட்சுமி என்று இருந்தது. மரத்தடித் தூக்குச்சட்டியில் 'மு' என்று கீறியிருந்தது. இரண்டும் ஒத்துப்போயின. நானாக இருந்தால் அதோடு நிறுத்தியிருப்பேன். அவர் ஏழாயிரம்பண்ணை வேன் டிரைவர் கருப்பசாமியைக் கூப்பிட்டார்.

"ஏலே, முத்துலட்சுமி வேன்ல எங்கன உக்காந்து வந்தா?"

"முத்துலட்சுமி ஏறலை அண்ணாச்சி. காய்ச்சலாம். அவ மதினி பேச்சியம்மாதான் ஏறுனா, எனக்குப் பின் சீட்டு."

"நீ பாத்தியா, யாரும் சொன்னாகளா?"

"பாட்டுச் சத்தத்தைக் கொறைலேன்னு ஏழாயிரம்பண்ணையிலருந்து இங்கன வரைக்கும் என்னையத் திட்டிக்கிட்டே வந்தா அண்ணாச்சி. திட்டு வாங்குனவன் நான். தப்பாவா சொல்லுவேன்?" சொல்லிவிட்டு கருப்பசாமி முகத்தை மூடிக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான்.

முத்துலட்சுமியின் கணவனுக்கு அக்கா பேச்சியம்மாள். சட்டி முத்துலட்சுமியின் சட்டி, சோறு முத்துலட்சுமி கட்டிக் கொடுத்த சோறு. தனுஷ்கோடி ரப்பரால் பெயரை அழித்து, பென்சிலாலேயே பேச்சியம்மாள் என்று எழுதினார். அப்போது மணி பன்னிரண்டு. தம்பியின் எழுத்து உலகம் சுற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அதை ஒருவர் சிவகாசி பிரவுசிங் சென்டரில் பிரின்ட் எடுத்தார். இன்னொருவர் சுருக்கி எஸ்.எம்.எஸ். ஆக்கினார். மதியத்துக்குள் ஏழாயிரம்பண்ணை டீக்கடைச் சுவரில் அந்தத் தாளை ஒட்டிவிட்டார்கள்.

மூன்று மணி இருக்கும். கேட்டில் கூட்டம் விலகியது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். காய்ச்சலில் கால் நிற்கவில்லை.

"நான்தான் முத்துலட்சுமி. நான் செத்துட்டேன்னு எழுதிருக்கீகளாம். வீட்டு வாசல்ல வந்து அழுதுக்கிட்டு இருக்காக. எங்க மதினி எங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"பக்கத்து வீட்டுப் போன்லருந்து டிரைவருக்கு எம்புட்டுத் தடவை அடிச்சேன். ஏன் எடுக்கலை? மதினிக்கு என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கத்தானே அடிச்சேன்."

பெட்டியில் அடித்துக்கொண்டிருந்த போன்களில் ஒன்று அவள் அடித்தது. மதினியைத் தேடி அவள் கூப்பிட்ட சத்தத்தைத்தான் சிவகாசியில் உட்கார்ந்து தம்பி கேட்டார். அதை வைத்துத்தான் அவள் மேலேயே பழி எழுதினார்.

தாளை யாரோ அவள் கையில் கொடுத்திருந்தார்கள். என்னிடம் நீட்டினாள். "செத்ததும் நானு, கொன்னதும் நானுன்னு இருக்கு. நான் வீட்டுல படுத்துக் கெடந்தேன். எனக்குப் போனே கிடையாது சார்."

பேச்சியம்மாளை அடையாளம் காட்டியது முத்துலட்சுமிதான். அதன் பிறகு தனுஷ்கோடி பேனாவைத் திறந்தார்.

சாயங்காலம் நான் சிவகாசி ஆபீசுக்குப் போனேன். தம்பி பதறிப்போய்த்தான் இருந்தார். அதை மறுக்கமாட்டேன்.

"டெலிட் பண்ணிட்டேன் பாய். இப்பப் போய்ப் பாருங்க, அங்க ஒண்ணும் இருக்காது."

"ஏழாயிரம்பண்ணை டீக்கடைச் சுவர்ல இருக்கு தம்பி. அதை எந்தப் பட்டனை அமுக்கி அழிப்பீக?"

நான்கு வரியில் ஒரு மறுப்பு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். எழுதியது தவறு, முத்துலட்சுமி அன்று வரவில்லை, போன் எதுவும் உள்ளே போகவில்லை, வருந்துகிறோம். படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"அவ வரலைன்னா, வேற ஒருத்தி எப்படி உள்ள வந்தான்னு கேப்பாங்க. லைசென்ஸ் போயிடும். அத்தனை பேருக்கும் வேலை போயிடும். அதுக்கு நீங்க பொறுப்பா?"

நான் அந்தத் தாளை மடித்து என் மேஜை டிராயரில் வைத்தேன். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. இதற்கு மேல் எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

தனுஷ்கோடி அப்படிச் செய்யவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் நோட்டைக் கொடுத்து, பதில் ஆள் வழக்கத்தையும் சொல்லி, பேனாவால் கையெழுத்துப் போட்டார். சீசன் முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். யூனிட்டைச் சில மாதம் மூடி வைத்தார்கள், பிறகு திறந்தார்கள். லைசென்ஸ் போகவில்லை. வெடிமருந்து செலுத்தும்போது ஏற்பட்ட உராய்வு என்று விசாரணையில் முடிவானது. அந்த விசாரணை அறிக்கையில் போன் என்ற சொல்லே இல்லை. பேச்சியம்மாள் வீட்டுக்குச் சேர வேண்டிய நஷ்டஈடும் சேர்ந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

அப்படியென்றால் தம்பி சொன்ன சாக்கு அன்றோடு தீர்ந்துபோனது. மறுப்பு எழுதத் தடை என்ன இருந்தது? ஒன்றுமில்லை. வெட்கம் மட்டும்தான்.

டீக்கடைத் தாளை நம்பினவர்கள் முத்துலட்சுமி உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் தாள் பொய் என்று நினைக்கவில்லை. அவள் போனை உள்ளே போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள், மதினி மாட்டிக்கொண்டாள் என்று கதையை மாற்றிக்கொண்டார்கள். பதினான்காம் அறையில் இறந்த இன்னொரு பெண்ணின் மகன் அவள் வீட்டு வாசலில் வந்து மண் வாரி இறைத்தான். எந்த யூனிட்டிலும் அவளுக்கு வேலை இல்லை. போர்மேன்கள் 'போன்காரி' என்றார்கள். சொந்தக் கணவனே ஒரு நாள் குடித்துவிட்டு, "நெசமாச் சொல்லு, அன்னைக்கு நீ போனியா இல்லையா?" என்று கேட்டானாம். இதை அவள் என்னிடம் சொல்லும்போது அழவில்லை. எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இணையமே கெட்டது என்று கிழவன் புலம்புவதாக நினைக்காதீர்கள். அதே திங்கட்கிழமை, காயம்பட்டவர்களுக்கு ரத்தம் வேண்டும் என்று ஒரு எஸ்.எம்.எஸ். போனது. எந்த ஆஸ்பத்திரி, எந்த வகை ரத்தம், யாரைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. அனுப்பியவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பார்த்துவிட்டு அனுப்பினார். அரை மணியில் இடம் கொள்ளாத கூட்டம். அதே போன், அதே விரல். ஒருவர் பார்த்ததை எழுதினார், ஒருவர் ஊகித்ததை எழுதினார்.

அந்தக் குழுவில் தம்பியைக் கிழித்தவர்கள் எல்லோரும் யோக்கியர்களும் அல்ல. ஆனால் சிலர் சரியான கேள்வி கேட்டிருந்தார்கள். ஒரு அறைக்கு எத்தனை பேர், மருந்து எவ்வளவு, சீசன் நெருக்கடியில் யார் கண்காணிக்கிறார்கள். தம்பியின் மூன்று வரி வந்ததும் அந்தப் பேச்சு செத்தது. அப்புறம் எல்லோரும் செல்போனைப் பற்றியே பேசினார்கள். படிக்காத பொம்பளைகளுக்கு எதற்கு போன் என்று பேசினார்கள். இந்த வருஷம் வேறொரு ஊரில் விபத்து நடந்தபோதும் ஒருவர் பாதுகாப்பு பற்றி வலைப்பதிவில் எழுதினார். கீழே முதல் பதிலாக வந்தது தம்பியின் அதே வாக்கியம், எழுத்து மாறாமல், முத்துலட்சுமி பெயரோடு. அழித்துவிட்டேன் என்றீர்களே.

எழுதுவதற்கு முன் மல்லாங்கிணறு போய் தனுஷ்கோடியைப் பார்த்தேன். மானாவாரிக் காட்டில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். இப்போதும் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீகளா? அவ பேரை மறுபடியும் ஊர்ல இழுக்கப் போறீக."

கேட்டேன் என்றேன். "போடுங்க சார், என் பேரைப் பெருசாவே போடுங்க. பொய்யில மட்டும் என் பேரு இருக்கணுமா?" என்று அவள் சொன்னதைச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டிராயரில் வைத்த நான்கு வரியை ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இப்போது ஐந்தாவது வரி ஒன்று சேர்த்திருக்கிறேன். உறுதி செய்யாத பெயரை வாசித்துக் கொடுத்தவன் காஜா மைதீன், அவனும் வருந்துகிறான். கீழே என் கையெழுத்து இருக்கிறது. பக்கத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

செல்வகுமார் தம்பி, வெள்ளிக்கிழமை நான் வருகிறேன். முத்துலட்சுமியும் வருகிறாள். ஏழாயிரம்பண்ணையிலிருந்து கருப்பசாமி வேனில் கூட்டிவருகிறான். முன் வரிசையில் உட்காருவாள். பொறுப்பைப் பற்றி நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அதற்கு முன்னால், மைக் கையில் இருக்கும்போது, அவளைப் பார்த்து இதற்குப் பதில் சொல்லுங்கள். அன்று அந்த அறைக்குள் போன் இருந்தது என்று உங்களுக்கு யார் சொன்னது? அந்தப் பதிலைச் சபையில் சொல்லிவிட்டு, அதே குழுவில், அதே இயக்குநர் பெயரில், எல்லோரும் படிக்க எழுதுங்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்று யாரையும் என் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.